வேன் அக்காவும் புது ஸ்டேடியமும்

எங்கள் அணிக்குப் பெனால்ட்டி கிடைத்தால் எங்கள் பக்கத்துக் கூட்டம் முழுக்க எழுந்து நிற்கும். அன்றும் நின்றது. ஆட்டம் சமநிலையில் இருந்தது, முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்கள் முன்னணி ஆட்டக்காரன் எதிரணியின் கோல் அருகே விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். நடுவர் விசிலை ஊதிப் பெனால்ட்டி புள்ளியைக் காட்டினார். என் பக்கத்தில் இருந்த அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அது பெனால்ட்டி இல்ல," என்றார். அவர் கத்தவில்லை. ஆனால் சும்மா பேசினாலே முன்வரிசை வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

முன்னால் நின்றவர் திரும்பினார். "அக்கா, நம்ம டீமுக்குத்தான் குடுத்திருக்கான்."

"தெரியும். அவன் மேல யாரும் படல. அவனா விழுந்துட்டான். நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

பந்து உள்ளே போனது. நாங்கள் ஜெயித்தோம். அக்காவும் சந்தோஷமாகக் கைதட்டினார். வெளியே வரும்போது அந்த ஆட்டக்காரன் ரசிகர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தான். அக்கா கூட்டத்துக்குள் நுழைந்து அவன் தோளைத் தட்டி, இன்றைக்கு நன்றாக ஓடினாய், ஆனால் இனி அப்படி விழாதே, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மலாயில் சொன்னார். அவன் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். அக்காவிடம் யாரும் சட்டென்று கோபப்பட முடியாது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், புது ஸ்டேடியம் பேச்சு வரும்வரைக்கும்.

அவர் கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். விடிவதற்கு முன்பே கிளம்பி, காப்பார் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து பள்ளிகளில் இறக்குவார். மத்தியானம் மறுபடியும் ஒரு நடை. அதனால் எங்கள் எல்லாருக்கும் அவர் வேன் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், குட்டையான கட்டுமஸ்தான உடம்பு, வெயில் இருந்தால் தலையில் ஒரு துண்டு. வெளியூர் ஆட்டமென்றால் அதே வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு போவார். சின்னப் பிள்ளைகளை அதட்டுவது போலவே எங்களையும் அதட்டுவார். "பெல்ட்டு போடாம வண்டி நகராது" என்பார். டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரும் ஒருமுறை அந்த அதட்டலுக்குப் பணிந்து பெல்ட்டைத் தேடியதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் அவருக்கும் உறவில்லை, ஊரும் ஒன்றில்லை. நான் பிரிக்பீல்ட்ஸ்காரன். சுபாங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய், கோலுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுப் படிகளில் அவர் பக்கத்தில் உட்காருவேன். அந்தப் படிகளில் ஏற்பட்ட பழக்கம்தான்.

அக்காவுக்குப் பொய் வராது. அன்புக்காகக்கூட வராது. இதைக் கேட்க நன்றாக இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். நான் முதன்முதலாகத் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு போன அன்று எல்லாரும் பத்து வயது குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். அக்கா ஒருமுறை பார்த்தார். "என்ன செல்வம், பெயிண்ட்டா? முன்னதான் நல்லா இருந்துச்சு." அதோடு விட்டேன், இன்றுவரை நரைத்த தலைதான்.

அவர் ரயில்வே வேலைக்கு வந்த கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சனிக்கிழமை மாலைப் பூசைக்கு ஏன் வரவில்லை என்று பாதிரியார் கேட்டபோது, "பந்து பாக்கப் போயிட்டேன் ஃபாதர்" என்றாராம். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "உடம்பு நல்லாத்தான இருந்துச்சு" என்றார். நான் கேட்டதே அவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எங்கள் ரசிகர் மன்றத் தலைவர் டயர் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், அணிக்காக அலைந்தவர். அவருடைய மகள் கல்யாணத்தில், சாப்பாடு எப்படி என்று மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் மேசையில் எல்லாரும் பிரமாதம் என்றோம். அக்கா, "பிரியாணில உப்பு கம்மி. ஆனா பொண்ணு முகத்தப் பாத்தீங்களா, எவ்வளவு சந்தோசமா இருக்கு" என்றார். தலைவர் ஒரு கணம் திகைத்து, பிறகு மணமேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அக்கா சொன்னதில் உப்பும் உண்மை, சந்தோஷமும் உண்மை. அதனால்தான் அவருடைய பாராட்டை நாங்கள் அவ்வளவு மதித்தோம்.

இப்போது என் தம்பி ரவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் காற்பந்துப் பைத்தியம் பிடித்ததே அவனால்தான். பள்ளிக்கு ஆடியவன், பிறகு எங்கள் தாமான் குடியிருப்பு அணிக்கு ஆடியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்டேடியத்துக்குப் போவோம். காப்பார் சாலையில் அவன் மோட்டார் சைக்கிளை ஒரு லோரி இடித்தது. உயிர் பிழைத்தான், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் போனேன். அந்தப் பழைய ஸ்டேடியத்தில் எந்தப் பக்கம் நுழைந்தாலும் படிக்கட்டு. ஒருமுறை நாலு பேர் சேர்ந்து சக்கர நாற்காலியோடு அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் வழிவிட்டார்கள், சிலர் கைகூடத் தட்டினார்கள். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. அதற்கப்புறம் கூப்பிட்டால், "நீ போயிட்டு வா. நான் போன்ல பாக்கறேன்" என்பான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அணிக்கு அரசாங்கச் செலவில் புது ஸ்டேடியம் கட்டும் யோசனை வந்தது. கூரை போட்ட இருக்கைகள், பெரிய விளக்குகள், கடைகள், மின்தூக்கி எல்லாம் இருக்கும் என்றார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்க ஒரு சமூக மண்டபத்தில் கூட்டம் வைத்து, ஸ்டேடியத்தின் படத்தைச் சுவரில் காட்டினார்கள். அங்கே பேச எனக்குத் தயக்கம், தலைவர் அதைப் போக்கினார். "செல்வம், நீ ரவியப் பத்திப் பேசு. அதுக்கு மேல யாரும் பேச முடியாது."

பேசினேன். என் தம்பி இந்த அணிக்காகவே வாழ்ந்தவன், இன்று வாசல்படி ஏற முடியாமல் வீட்டில் இருக்கிறான், புது ஸ்டேடியம் வந்தால் அவனும் உள்ளே வருவான் என்றேன். மண்டபமே கைதட்டியது. நடுவில் குரல் உடைந்துபோனது உண்மை. எனக்கு அந்த ஸ்டேடியம் வேண்டியிருந்தது.

அடுத்து அக்கா கையைத் தூக்கினார். எங்கள் ஆட்கள் அவர் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்தார்கள். அவரைவிட இந்த அணியை நேசித்த ஆள் யார்? மலாயில் ஆரம்பித்தார், பாதியில் எங்களைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார், மறுபடி மலாய்க்குப் போனார்.

"அந்தப் படத்துல இருக்கற ஸ்டேடியம் அழகா இருக்கு. எனக்கும் அதுல உக்காந்து பாக்க ஆசைதான். ஆனா டீமுக்கு அது தேவையான்னு கேட்டீங்கன்னா, தேவையில்ல."

முன்வரிசையில் இருந்த தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப இருக்கற ஸ்டேடியமே பாதி காலி. நாங்க கால நீட்டிக்கிட்டுப் பாக்கறோம். நம்ம டீமு ஸ்டேடியம் இல்லாம தோக்கல, டிஃபன்ஸ் இல்லாம தோக்குது." சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "யாராவது சொந்தக் காசுல கட்டுனா கட்டட்டும். மொத ஆளா வந்து உக்காருவேன். இது ஜனங்க வரிப்பணம். பந்தே பாக்காதவங்களும் கட்டறாங்க. நான் ஏத்தற பிள்ளைங்க ஸ்கூல்ல, மழ பேஞ்சா கேட்டுக்கிட்ட தண்ணி நிக்குது. பிள்ளைங்க சப்பாத்தக் கையில புடிச்சிக்கிட்டு நடக்குதுங்க. அந்த லோங்காங்க, அதான் சாக்கடைய, செய்ங்கன்னு கேட்டா பட்ஜெட் இல்லன்றாங்க. அப்ப இதுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

பிறகு என்னைப் பார்த்தார். "செல்வம் சொன்னது உண்மை. அந்தத் தம்பி வரணும், கண்டிப்பா வரணும். அதுக்கு ஒரு சரிவுப் பாதை கட்டுனா போதும். அவரக் காட்டி ஸ்டேடியம் கேக்காதீங்க."

உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. எனக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததை ரவியிடம் சொன்னேன். அவனும் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "சரிவு போட்டுடுவாங்களா?"

அக்காவுக்கு அதன்பிறகு நல்ல காலமில்லை. ரசிகர் மன்ற வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். வெளியூர் ஆட்டங்களுக்கு வேறு வேன் ஏற்பாடானது. மன்றத்தில் இருந்த சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள், அது அவருடைய பிழைப்பையே தொடுகிற விஷயம். சிமெண்டுப் படியில் அவரைச் சுற்றி ஓர் இடைவெளி விழுந்தது. நானும் தள்ளித்தான் உட்கார்ந்தேன். அவர் மட்டும் ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, அதே குரலில் பேசி, கைதட்டிவிட்டுப் போனார். ஒருமுறை வாசலில் எதிர்ப்பட்டபோது, குழுவிலிருந்து எடுத்துவிட்டார்களாமே என்று கேட்டேன். "நல்லதாப் போச்சு. காலையில குட் மார்னிங் படம் வர்றதில்ல" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "கஷ்டமாத்தான் இருக்கு செல்வம்" என்றார். அதையும் அவரால் மறைக்க முடியவில்லை.

ஒரு பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு வாசலில் அந்த வேன் வந்து நின்றது. அக்கா உள்ளே வந்து, எனக்குத் தலையாட்டிவிட்டு, நேரே ரவிக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் அதற்கு முன் அதிகம் பேசியதில்லை.

"தம்பி, உங்களக் கேக்காம உங்களப் பத்தி மைக்குல பேசிட்டேன். உங்க அண்ணனும் பேசிட்டாரு. இப்ப வந்து கேக்கறேன். ஸ்டேடியத்துக்கு வரணும்னா உங்களுக்கு என்ன வேணும்?"

ரவி என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "டாய்லெட்" என்றான்.

"சரிவு?"

"சரிவு இருந்தா உள்ள வந்துடுவேன்க்கா. அப்புறம் ஆட்டம் முடியற வரைக்கும் இருக்கணும்ல? அந்த டாய்லெட் கதவுல இந்த நாற்காலி நுழையாது. உள்ள ஒரு படி வேற. அதுக்குப் பயந்துதான் நான் எங்கயுமே போறதில்ல."

எனக்கு இது புதிதாக இருந்தது. "ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ?" என்றான். குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டான்.

"நான் அத யோசிக்கவே இல்ல," என்றார் அக்கா. "சரிவு போதும்னு அத்தன பேரு முன்னால சொல்லிட்டேன். போதாது. நான் சொன்னது தப்பு."

அடுத்த வாரமே ஸ்டேடியத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் போனார். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு போய், மத்தியானப் பிள்ளைகளை ஏற்றும் நேரம்வரை அங்கே உட்கார்ந்திருப்பார். கூட்டத்தில் பேசியபோது இருந்த அதிகாரி ஒருவரைத் தேடிப் பிடித்து, சரிவு மட்டும் போதும் என்று அன்றைக்குத் தான் சொன்னது தவறு, கழிப்பறையும் வேண்டும் என்று முதலில் அதைத்தான் சொன்னாராம். ஒருநாள் ரவியையே வேனில் ஏற்றிக்கொண்டு போனார். என்னைக் கூப்பிடவில்லை. நான் வேலை முடிந்து வந்தபோது ரவி இன்னும் வெளிச்சட்டையைக் கழற்றாமல், அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள், அக்கா என்ன சொன்னார், தான் என்ன சொன்னான் என்று என் மனைவியிடம் விவரித்துக்கொண்டிருந்தான். தான் சொன்னதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

சீக்கிரம் நடக்கவில்லை. மாதங்கள் ஓடின. ஆனாலும் நடந்தது. கோலுக்குப் பக்கவாட்டில் சிமெண்டுச் சரிவு வந்தது, கழிப்பறைக் கதவை அகலமாக்கிக் கைப்பிடிகள் பொருத்தினார்கள், படியை இடித்தார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது புது ஸ்டேடியம் திட்டம் சத்தமில்லாமல் கிடப்பில் போனது. அக்கா பேசியதால்தான் அது நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். அவரே சொல்ல மாட்டார்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. பழைய ஸ்டேடியத்தின் விளக்குகள் மேல்பிரிவு லீக்கின் விதிகளுக்குப் பத்தவில்லை என்றார்கள். வேறு காரணங்களும் சேர்ந்து, எங்கள் அணி அடுத்த பருவத்தில் கீழ்ப்பிரிவுக்குப் போனது. அந்தச் செய்தி வந்த வாரம், ஸ்டேடியத்துக்கு வெளியே தேத்தண்ணிக் கடையில் தலைவர் அக்காவிடம் வந்தார். கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தார்.

"பாத்தீங்களா அக்கா? இப்ப சந்தோசமா?"

"சந்தோசமா இல்ல," என்றார் அக்கா. "லைட்டு விசயம் நான் யோசிக்கல. உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, எனக்குத் தெரியல. லைட்டுக்கு மட்டும் கேப்போம்னு சொல்லியிருந்தீங்கன்னா உங்ககூட நானும் நின்னிருப்பேன். ஆனா அந்தப் பெரிய ஸ்டேடியம் வேணுமான்னு திரும்பக் கேட்டா, அதேதான் சொல்வேன்."

தலைவர் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தே தாரிக் சொன்னார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. குடித்து முடிக்கும்வரை எழுந்தும் போகவில்லை.

இப்போது அக்கா கிள்ளானில் இல்லை. கண் பார்வை மங்கியதும் வேனை விற்றுவிட்டு ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே எந்த அணியைப் பார்க்கிறார் என்று தொலைபேசியில் கேட்டேன். "இங்க உள்ள டீமு நல்லா ஆடுது செல்வம். நம்ம டீம விட ரொம்ப நல்லா ஆடுது" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவரிடமிருந்து அதைத் தவிர வேறென்ன வரும்?

அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. ஒருமுறை சொல்லப்போனேன். "எதுக்கு? நான் உனக்கு எதிராத்தான பேசுனேன்" என்று முடித்துவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போது எனக்கு நினைவில் வருவது சரிவுப் பாதைகூட இல்லை, அது திறந்தபிறகு ரவி வந்த முதல் ஆட்டம்.

மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். ரவி தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினான். நான் ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கையைப் பிடித்தார்கள். இரண்டாவது பாதியில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. கூட்டம் துள்ளியது. ஆனால் கோட்டு நடுவர் கொடியைத் தூக்கியிருந்தார். ஆஃப்சைட், கோல் செல்லாது.

"என்னடா இது, அது கோல்தான்," என்று ரவி கத்தினான்.

"ஆமா ரவி, கோல்தான்," என்றார் பின்னால் இருந்தவர். "சுத்தமான கோலு," என்றார் இன்னொருவர். நானும் தலையாட்டினேன். விபத்துக்குப் பிறகு நாங்கள் எல்லாரும் அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டப் பழகியிருந்தோம். அவன் குழம்பு நன்றாயில்லை என்றால் நன்றாயில்லை. மழை வரும் என்றால் வரும். வீட்டில் யாரும் அவனை மறுத்து ஒரு வார்த்தை பேசுவதில்லை.

"ஆஃப்சைட்தான் தம்பி," என்றார் அக்கா.

ரவி திரும்பினான். "இல்லக்கா. நான் நேராப் பாத்தேன்."

"நாம கோலுக்குப் பின்னால இருக்கோம். இங்கேருந்து அந்த லைன் தெரியாது."

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு? நீங்களும் இங்கதான உக்காந்திருக்கீங்க?"

அக்கா யோசித்தார். "அதுவும் சரிதான்," என்றார். "ஆனா ஆஃப்சைட்தான்."

"உங்களுக்குப் பந்து தெரியாதுக்கா."

"உங்களுக்குத் தெரியுமோ? போன்ல பாத்துக்கிட்டு இருந்த ஆளுதான நீங்க?"

யாரும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. ரவியின் காது சிவந்தது. நாற்காலியின் கையை ஓங்கித் தட்டிவிட்டு, தான் பள்ளிக்கு ஆடிய காலத்திலிருந்து ஆரம்பித்தான். அக்காவும் விடவில்லை. கடைசி விசில்வரை இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்துகொண்டே இருந்தார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுத் திரும்பிய நாட்களில், வியர்வையோடு, திடலிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே வெளியே வருவானே, அந்த முகம்.

வீட்டுக்குப் போகும் வழியில், காரில், சுபாங் ஜெயாவைத் தாண்டியும் அவன் நிறுத்தவில்லை. அது கோல்தான், அந்தம்மாவுக்கு என்ன தெரியும், நீயே சொல் என்றான். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கும் ஆஃப்சைட் மாதிரிதான்டா தெரிஞ்சுச்சு," என்றேன்.

"நீயுமா?" என்று ரவி என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தான்.